வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்க நினைப்பவர்களுக்கு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். முப்பத்து மூன்று வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, 2018இல் பி.காம். படிக்கத் தொடங்கினேன். பட்டம் கைக்கு வந்தபோது நாற்பதைத் தொட்டுவிட்டேன். இந்த ஏழு ஆண்டுகளில் முதல் இரண்டு ஆண்டுகளும் சுமார் 52,000 ரூபாயும் அடியோடு வீணாயின. படிக்காததால் போனவை அல்ல, படித்தும் போனவை. அந்த நாட்களில் விவரம் தெரிந்த ஒருவரிடம் பத்து நிமிடம் பேச முடிந்திருந்தால் அந்த இழப்பு நேர்ந்திருக்காது. என்னைப் போல் வீட்டில் முதல் பட்டதாரியாக முயல்பவர்களுக்கு அப்படி ஒருவர் கிடைப்பது அரிது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் படித்து, பிறகு டேலி கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொண்டு வேலைக்கு வந்தவள் நான். ஜி.எஸ்.டி. கணக்கு, டி.டி.எஸ். என்ற வரிப் பிடித்தம், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு என்று எல்லாவற்றையும் பார்த்து வந்தேன். புதிதாகச் சேரும் பட்டதாரிகளுக்கு வேலை கற்றுக்கொடுப்பதும் என் பொறுப்பாக இருந்தது. அப்படி என்னிடம் கற்றுக்கொண்ட ஒரு தம்பிக்கே சீனியர் அக்கவுன்டன்ட் பதவி கிடைத்தபோது, மனிதவளப் பிரிவு மேலாளர் என்னை அழைத்து, "உங்க வேலையில ஒரு குறையும் இல்லம்மா, டிகிரி இல்லாம ஃபைலை மேல அனுப்ப முடியாது" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் அன்று மாலை கொரட்டூரில் ரயில் ஏறி வில்லிவாக்கத்தில் இறங்கும் வரை நெஞ்சு எரிந்துகொண்டே இருந்தது. அந்த வாரமே படிப்பது என்று முடிவு செய்தேன்.

வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு ஸ்டடி சென்டர் இருந்தது. பல பல்கலைக்கழகங்களின் பெயர்கள் அதன் பலகையில் வரிசையாக இருந்தன. அவர்கள் பரிந்துரைத்தது வேறொரு மாநிலத்தைச் சேர்ந்த ஒரு தனியார் பல்கலைக்கழகம். நான் விசாரிக்காமல் சேரவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யு.ஜி.சி.யின், அங்கீகாரம் உண்டா என்று கேட்டேன். யு.ஜி.சி. இணையதளத்தையே திறந்து, அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இருப்பதைக் காட்டினார்கள். பெயர் உண்மையாகவே இருந்தது. ஆண்டுக்கு 24,000 ரூபாய் கட்டணம், தேர்வுக்குத் தனிப் பணம். என் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து முதல் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டினேன். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் டி.சி.யையும் மூலமாகவே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கட்டிய பணத்துக்கு ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீது பல்கலைக்கழகத்தின் பெயரில் இல்லை, சென்டரின் பெயரில் இருந்தது.

முதல் ஆண்டுத் தேர்வை நகரத்திலேயே ஒரு மாடிக் கூடத்தில் நடத்தினார்கள். ஒரு தாளுக்கான தேர்வு அன்று என் சின்ன மகளுக்குக் கடும் காய்ச்சல். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்ததால் அந்தத் தேர்வுக்குப் போகவில்லை. அதை அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். சில மாதம் கழித்து மதிப்பெண் பட்டியல் வந்தது. நான் எழுதாத அந்தத் தாளுக்கு 61 மதிப்பெண் போடப்பட்டிருந்தது.

அந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருந்தபோது எனக்கு உண்டான பயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எழுதாத தாளுக்கு மதிப்பெண் வருகிறது என்றால், எழுதிய தாள்களுக்கு வந்த மதிப்பெண்ணுக்கும் பொருள் இல்லை. விடிகாலையில் எழுந்து படித்ததெல்லாம் யாருடைய கணக்கிலும் ஏறவில்லை. சென்டரில் போய்க் கேட்டேன். "அதெல்லாம் நாங்க பார்த்துக்குறோம் மேடம், அடுத்த வருஷம் நீங்க வரக்கூட வேணாம்" என்று உதவி செய்வது போலச் சொன்னார்கள். அதற்குள் இரண்டாம் ஆண்டுக் கட்டணமும் கட்டியாகிவிட்டது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கணவர் கோபப்படுவார் என்பதைவிட, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு என்னைப் படிக்க அனுப்பிய அத்தை என்ன நினைப்பார் என்பதே பெரிய வேதனையாக இருந்தது. பல வாரங்கள் புத்தகத்தைத் திறந்து வைத்துப் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அலுவலகத்தில் மதிய உணவு இடைவேளைகளில் யு.ஜி.சி.யின் விதிகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அப்போதுதான் புரிந்தது, "யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டா" என்ற கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லிக்கொண்டே ஒருவரை ஏமாற்ற முடியும் என்பது. ஒரு பல்கலைக்கழகம் யு.ஜி.சி. பட்டியலில் இருப்பது வேறு, தொலைநிலைக் கல்வி நடத்த அதற்கு அனுமதி இருப்பது வேறு. இந்த அனுமதியைக் கவனிப்பதற்கென்றே யு.ஜி.சி.யில் தொலைநிலைக் கல்விப் பிரிவு இருக்கிறது. சுருக்கமாக 'டெப்' என்பார்கள். 2013 வரை இந்த வேலையை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் கீழ் இயங்கிய தொலைநிலைக் கல்விக் குழு செய்து வந்தது, பிறகு யு.ஜி.சி. எடுத்துக்கொண்டது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தக் கல்வியாண்டுக்கு, எந்தெந்தப் படிப்புகளைத் தொலைநிலையில் நடத்தலாம் என்ற பட்டியலை டெப் வெளியிடுகிறது. நான் சேர்ந்த ஆண்டுக்கான பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பி.காம். இல்லை.

அதற்கு மேல் எல்லைக் கட்டுப்பாடு ஒன்றும் இருந்தது. மாநிலப் பல்கலைக்கழகமும் தனியார் பல்கலைக்கழகமும் தம் மாநிலத்துக்கு வெளியே தொலைநிலைப் படிப்புக்கான மையம் வைத்து நடத்த முடியாது; 2013 ஜூன் மாதத்திலேயே யு.ஜி.சி. இதைப் பொது அறிவிப்பாக வெளியிட்டிருந்தது. தனியாரிடம் ஃபிரான்சைஸ் முறையில் மையத்தைக் கொடுப்பதும் கூடாது. இணையவழிப் பட்டப்படிப்புக்கு மட்டும் இந்த மாநில எல்லை கிடையாது. ஆக, அனுமதி இருந்திருந்தாலும்கூட, சென்னையில் அந்தச் சென்டர் வழியாக நான் படித்தது செல்லுபடியாகியிருக்காது.

ஆகவே எங்கே சேர்வதாக இருந்தாலும் நான்கு விவரங்களைத் தனித்தனியாகப் பாருங்கள்: அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் சேரும் அந்தக் கல்வியாண்டுக்குத் தொலைநிலை அனுமதி இருக்கிறதா, நீங்கள் சேரும் அந்தப் பாடம் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா, உங்கள் ஊரில் நடத்த அதற்கு உரிமை இருக்கிறதா, பணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நேராகப் போகிறதா. இவற்றில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் ஐந்து ஆண்டுக்கு முன் அதே இடத்தில் படித்து வேலை வாங்கினார் என்பது சான்றாகாது, ஏனென்றால் அனுமதி என்பது காலவரையறைக்கு உட்பட்டது. டெப் பட்டியலைப் பார்க்கும்போது அந்தப் பக்கத்தைச் சேமித்து, அச்செடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டு கழித்து ஒரு நிறுவனம் கேட்கும்போது அது கைகொடுக்கும்.

இது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் அளித்த தீர்ப்பு ஒன்றே போதும். சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதி இல்லாமல் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் பற்றிய வழக்கு அது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்களை நிறுத்திவைத்து, தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வில் தேறினால்தான் செல்லும் என்றது நீதிமன்றம். அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. பட்டத்தைக் காட்டிப் பதவி உயர்வு பெற்று, வீட்டுக் கடன் வாங்கி, குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர்களின் நிலையை எண்ணிப் பார்த்தேன். இரண்டு ஆண்டோடு எனக்குத் தெரிய வந்ததே நல்லது என்று அப்போதுதான் முதன்முறையாக மனம் சற்று ஆறியது. பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல் போன்றவற்றைத் தொலைநிலையில் நடத்த இன்றும் அனுமதி இல்லை. சட்டமும் அப்படியே, தொலைநிலையில் பெறும் எல்.எல்.பி.யை வைத்து பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. இவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று யாராவது சொன்னால் அதற்கு மேல் விசாரிக்கத் தேவையே இல்லை.

பணம் திரும்பவில்லை. வழக்குப் போட்டால் ஆகும் செலவையும் அலைச்சலையும் கேட்டபின் அதை விட்டுவிட்டேன். இன்றும் அந்த வருத்தம் போகவில்லை. ஆனால் சான்றிதழ்களை விடவில்லை. எந்தக் கல்வி நிறுவனமும் மாணவரின் மூலச் சான்றிதழ்களைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2018இல் தெளிவாக அறிவித்திருக்கிறது. அதை மேற்கோள் காட்டி, யு.ஜி.சி.க்கும் மாநில உயர்கல்வித் துறைக்கும் நகல் அனுப்புவதாகக் குறிப்பிட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். நேரில் கேட்டபோதெல்லாம் தட்டிக்கழித்தவர்கள் அந்தக் கடிதத்துக்குப் பிறகு அழைத்துக் கொடுத்துவிட்டார்கள். அதன்பிறகே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரியான எடத்துல சேரு, பணத்தைப் பார்த்துக்கலாம்" என்றார்.

சரியான இடங்கள் சென்னையில் குறைவில்லை. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் 1981 முதல் இயங்குகிறது. 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சைதாப்பேட்டையில் இருக்கிறது. பல பாடங்களைத் தமிழிலேயே படித்துத் தமிழிலேயே தேர்வு எழுதலாம் என்பதால் தமிழ்வழியில் படித்துவந்தவர்கள் முதலில் அங்கே விசாரிக்கலாம். எம்.பி.ஏ., எம்.சி.ஏ. என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி மையம் இருக்கிறது. கணினி, தரவு அறிவியலில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்கு வயது வரம்பு இல்லை. இடையில் நிறுத்த நேர்ந்தாலும் எட்டிய நிலைக்கேற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். நான் தேர்ந்தெடுத்தது இக்னோ. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைக்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் மாநில எல்லைச் சிக்கல் இல்லை. அதன் சென்னை மண்டல அலுவலகம் வேப்பேரியில் இருக்கிறது. அலுவலகத்தில் எல்லாமே ஆங்கிலத்தில் நடப்பதால் ஆங்கிலத்தில் படிப்பதே எனக்குப் பயன்படும் என்றும் எண்ணினேன். 2020 ஜூலைப் பருவத்தில் சேர்ந்தேன். கட்டணத்தை இணையதளத்தில் நேராகக் கட்டினேன். நடுவில் யாரும் இல்லை.

எங்கே சேர்வது என்பதற்கு முன்பே, பட்டத்தை எங்கே காட்டப் போகிறோம் என்று யோசிப்பது மிக முக்கியம். என்னோடு பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு தோழி பத்தாம் வகுப்பு மட்டும் முடித்தவர். பன்னிரண்டாம் வகுப்பு இல்லாதவர்களுக்காக இக்னோவில் அப்போது ஓர் ஆயத்தப் படிப்பு இருந்தது. அதை முடித்துவிட்டுப் பட்டப்படிப்பில் சேரலாம் என்றிருந்தது. அவரும் அப்படிச் சேர இருந்தார். ஆனால் அவர் மனதில் இருந்தது டி.என்.பி.எஸ்.சி. தேர்வு. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முறையாகத் தேறாமல் திறந்தநிலையில் பெற்ற பட்டத்தை மாநில அரசுப் பணிக்கு ஏற்க முடியாது என்று 2009 ஆகஸ்டில் தமிழக அரசு வெளியிட்ட 107ஆம் எண் அரசாணை சொல்கிறது. அதைச் சொன்னதும், முதலில் பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதிவிட்டு அதன்பிறகு பட்டத்துக்குப் போவது என்று முடிவை மாற்றிக்கொண்டார். காலம் சற்றுக் கூடுதலாகும், அவ்வளவுதான். தனியார் வேலைக்கு மட்டும் என்றால், தொலைநிலைப் பட்டத்தை ஏற்பார்களா என்று உங்கள் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உரிய அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டமும் இணையவழிப் பட்டமும் கல்லூரியில் நேரில் படித்துப் பெறும் பட்டத்துக்கு இணையானவை என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. அறிவித்தது, தயங்குகிற மேலாளரிடம் அதன் அச்சுப்படியைக் கொடுக்கலாம்.

இனி நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பணத்தைவிட அதிகம் தேவைப்படுவது இதுதான், ஆனால் சேரும்போது யாரும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. என் பி.காம். 132 கிரெடிட். பெருக்கினால் 3,960 மணி நேரம். மூன்று ஆண்டில் முடிக்க வேண்டுமானால் ஞாயிறு, பண்டிகை எதையும் விடாமல் நாள்தோறும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் படிக்க வேண்டும். என்னால் முடிந்தது வேலை நாட்களில் விடிகாலை நாலரை மணியிலிருந்து ஆறு வரை ஒன்றரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையில் ஆறு மணி நேரம், வாரத்துக்குப் பதினைந்து. அந்த வேகத்தில் ஐந்து ஆண்டு ஆகும். நல்லவேளையாக, மூன்றாண்டுப் பட்டத்தை முடிக்க இக்னோ ஆறு ஆண்டு வரை அவகாசம் தருகிறது. கணக்குப் பாடங்கள் எனக்கு வேலையிலேயே பழகியவை என்பதால் நாலரை ஆண்டில் முடித்தேன். சேர்வதற்கு முன் இதே கணக்கை உங்கள் வீட்டு நேரத்தை வைத்துப் போட்டுப் பாருங்கள். வரும் விடை ஐந்து ஆண்டு என்றால் ஐந்து ஆண்டு என்றே வீட்டிலும் சொல்லுங்கள். மூன்றாண்டு என்று சொல்லிவிட்டு நான்காம் ஆண்டில் நுழையும்போது, நாம் தோற்றுவிட்டோம் என்ற எண்ணம் நமக்கும் வருகிறது, வீட்டாருக்கும் வருகிறது. உண்மையில் நாம் சரியான வேகத்தில்தான் போய்க்கொண்டிருப்போம்.

இரு தேர்வுப் பருவங்களில் எதில் எத்தனை தாள் எழுதுவது என்பதை உங்கள் தொழிலின் நாள்காட்டியோடு பொருத்திப் பார்ப்பது நல்லது. இக்னோவின் பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கின்றன. பெருந்தொற்றுக் காலத்தில் அவையும் தள்ளிப்போயின. கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு மார்ச் ஆண்டிறுதி, அதைத் தொடர்ந்து தணிக்கை, மாதந்தோறும் 7ஆம் தேதி டி.டி.எஸ்., 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர். 1, 20ஆம் தேதி 3பி ஆகிய ஜி.எஸ்.டி. படிவங்கள் என்று நாட்கள் ஓடும். ஏப்ரல் முதல் ஜூன் வரை எனக்குப் படிக்கத் தெம்பே இருக்காது. முதல் ஜூன் தேர்வில் எடுத்த எல்லாத் தாள்களையும் எழுதப் போய் இரண்டில் தவறினேன். அதிலிருந்து ஜூனில் எளிதான ஓரிரு தாள், கடினமானவை டிசம்பரில் என்று பிரித்துக்கொண்டேன். ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியாகத்தான் தேர்வுக் கட்டணம், தாளுக்கு 200 ரூபாய் கட்டினேன், ஆகையால் பிரித்து எழுதுவதில் நட்டம் எதுவும் இல்லை. ஆனால் கட்டணம் கட்டும் கடைசி நாளைத் தவறவிட்டால் தாமதக் கட்டணம் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. பள்ளி ஆசிரியர்களுக்கு மார்ச், ஏப்ரல் எப்படி, ஜவுளிக் கடையில் இருப்பவர்களுக்கு ஆடியும் தீபாவளியும் எப்படி என்று அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். தேர்வுகள் வார நாட்களிலும் வரும், அட்டவணை பல வாரங்களுக்கு நீளும். ஆகவே அட்டவணை வெளியான அன்றே விடுப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். சம்பள விடுப்பை ஆண்டு முழுவதும் சேமித்து வைப்பதும் படிப்பின் ஒரு பகுதி என்றே நான் எடுத்துக்கொண்டேன். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்கள் பலவற்றுக்குப் போகாமல் அதனால் வந்த மனத்தாங்கல்களும் உண்டு.

பலரும் பாதியில் விட்டுவிடுவது தேர்வால் அல்ல, வீட்டிலிருந்து எழுதிக் கொடுக்க வேண்டிய அசைன்மென்ட்டால் என்பதை உடன் படித்தவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மதிப்பெண்ணில் 30 விழுக்காடு அதற்கு, 70 விழுக்காடு தேர்வுக்கு. இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். கையாலேயே எழுத வேண்டும். வினாத்தாள் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும். அதற்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் புதிய வினாக்களுக்கு மீண்டும் முதலிலிருந்து எழுத வேண்டும். கடையில் எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், வாங்காதீர்கள். அசைன்மென்ட் எழுதும்போதே பாதிப் பாடம் மனதில் ஏறிவிடுகிறது, வேலைக்குப் போகிறவர்களுக்கு அதைவிட்டால் வேறு வழியில் ஏறுவதும் இல்லை. கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்குங்கள். அடுத்த ஆண்டுக்கான மறுபதிவைத் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்காமல் செய்துவிட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அந்த நாள் போனால் அடுத்த பருவம் வரை காத்திருக்க நேரும். புத்தகம் தபாலில் வரும்வரை உட்கார்ந்திருக்கவும் தேவையில்லை, இக்னோவின் பாடநூல்கள் எல்லாம் இஞானகோஷ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இடத்துக்கு இடம் விதி மாறும் என்பதால் வேறு பல்கலைக்கழகத்தில் சேர்பவர்கள் இதே கேள்விகளை அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

படிக்க இடமும் எனக்குச் சிக்கலாக இருந்தது. இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் அமைதி கிடைக்காது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. வில்லிவாக்கத்திலிருந்து தொலைவுதான், ஆனாலும் அங்கே சுற்றிலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் இருப்பதைப் பார்க்கும்போது என் வயது எனக்கு மறந்துபோகும். மதியச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துப் போவேன். அந்த ஞாயிறுகளில் பிள்ளைகளைக் குளிக்க வைத்து, சமைத்து, என் கைப்பேசிக்கு ஒரு அழைப்பும் வராமல் பார்த்துக்கொண்டவர் அத்தை.

பெண்களுக்குக் குறிப்பாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளிச் சான்றிதழில் நம் பெயரோடு அப்பாவின் இனிஷியல் இருக்கும், திருமணத்துக்குப் பின் ஆதாரில் கணவரின் இனிஷியலுக்கு மாற்றியிருப்போம். நான் சேர்ந்தபோது இது பெரிதாகத் தெரியவில்லை. 2024 முதல் தொலைநிலையிலும் இணையவழியிலும் சேர்பவர்கள் டிஜிலாக்கர் வழியாகக் கல்விக் கிரெடிட் வங்கி எண்ணையும், அதோடு இணைந்த டெப் எண்ணையும் எடுத்தாக வேண்டும். இவை ஆதாரிலுள்ள பெயரைக் கொண்டே உருவாகின்றன. பள்ளிச் சான்றிதழும் ஆதாரும் ஒத்துப்போகாவிட்டால் பின்னால் சான்றிதழ் சரிபார்ப்பில் தடுமாற வேண்டியிருக்கும். சேர்க்கைக்குச் சில மாதம் முன்பே ஆதாரைப் பள்ளிச் சான்றிதழின்படி திருத்திக்கொள்வது எளிது. பெயரையே மாற்ற விரும்பினால் அண்ணா சாலையிலுள்ள எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வழியாக அரசிதழில் வெளியிட வேண்டும். வருமான வரிக் கணக்கில் உங்கள் கல்விக் கட்டணத்தைக் கழிவாகக் காட்ட முடியாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அது பிள்ளைகளின் முழுநேரப் படிப்புக்கு மட்டும். பழைய வரி முறையில் இருப்பவர்கள் தம் படிப்புக்குக் கல்விக் கடன் வாங்கியிருந்தால் அதன் வட்டியைக் கழிக்கலாம்.

2025 தொடக்கத்தில் கடைசித் தாளின் முடிவு வந்தது. அலுவலகத்தில் சான்றிதழைக் கொடுத்தேன். சரிபார்ப்பு நிறுவனத்துக்கு அனுப்பினார்கள், சரியென்று பதில் வந்தது, ஏப்ரலில் சீனியர் அக்கவுன்டன்ட் ஆனேன்.

இதைப் படிக்கும் யாராவது இப்போது அப்படியொரு சென்டரில் பணம் கட்டிக்கொண்டிருந்தால், முதல் வேலையாக டெப் பட்டியலில் உங்கள் சேர்க்கை ஆண்டையும் பாடத்தையும் தேடுங்கள். இல்லையென்றால் அடுத்த தவணையைக் கட்டாதீர்கள். இதுவரை கட்டியது வீணாகிவிடுமே என்று எண்ணி மேலும் கட்டாதீர்கள்; பட்டியலைப் பார்க்கும் முன்பே கட்டிவிட்டதால் நான் இரண்டாம் ஆண்டுப் பணத்தையும் இழந்தேன். ரசீதுகள், சேர்க்கைப் படிவம், அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரே இடத்தில் வையுங்கள். மூலச் சான்றிதழ்கள் அவர்களிடம் இருந்தால் அவற்றைக் கேட்டு ஒப்புகை வசதியுடன் விரைவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். உண்மையான பல்கலைக்கழகங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் சேர்க்கை நடத்துகின்றன; அடுத்து வருவது எதுவோ அதற்கு விண்ணப்பியுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது உடனே சொல்லிவிடுங்கள்.